'ஹோல்' என்றால் என்ன?



ஆங்கிலத்தில் முழுமைக்கு 'ஹோல்', சுகத்துக்கு 'ஹெல்த்', குணமாக்குதலுக்கு 'ஹீல்', பரிசுத்தத்துக்கு 'ஹோலி' என்கிறோம். நான்கும் ஒரே குடும்பச் சொற்கள். பழைய ஆங்கிலத்தின் 'ஹால்' என்பதே அவற்றுக்கு வேர். குறைவற்றது, சுகமுள்ளது என்பது அதன் பொருள்.

மாற்கு 5:34-ல், பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயிடம் ஆண்டவர் பேசுகிறார். அங்கே நம் தமிழ் வேதம் 'இரட்சித்தது' என்கிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதம் 'ஹோல்' என்கிறது. கிரேக்க மூலச் சொல்லில் இரட்சிப்பு, சுகம் ஆகிய இரண்டு பொருளும் உண்டு.

வஸ்திரத்தைத் தொட்டவுடனே உதிரம் நின்றுவிட்டது. ஆனாலும் ஆண்டவர் அவளை மறைவாய்ப் போகவிடவில்லை. தீட்டுள்ளவள் என்று ஒதுங்கி வாழ்ந்தவளை, திரளான ஜனங்கள் முன்பாக 'மகளே' என்று அழைத்தார். சரீரம் சுகமான பின்பும் அவளுக்கு வேண்டியிருந்தது இதுவே.

தொழுநோய் மருந்தினால் குணமாகியும், வீட்டார் சேர்த்துக்கொள்ளாததால் போக இடமின்றி நின்றவர்களை என் ஊழியத்தில் கண்டிருக்கிறேன். புண் ஆறிற்று, முழுமை வரவில்லை.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை மருந்து வாங்க உதவுகிறது. அத்துடன், குணமாகி உங்கள் ஊருக்குத் திரும்புகிறவரை வீட்டுக்கு அழைத்து, அருகில் உட்காரவைத்துச் சாப்பாடு கொடுங்கள். அதுவும் சுகமளிக்கும் ஊழியமே.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.