மின்ரம்பமும் மூன்று உறுப்புகளும்

கதவின் அடிப்பக்கத்தைச் சற்று அறுக்கவும், குளியலறையில் இரண்டு டைல்ஸ் பொருத்தவும் இன்று பலர் தச்சரையோ கொத்தனாரையோ அழைப்பதில்லை. ‘கட்டிங் மெஷின்’ ஒன்றை வாங்கித் தாமே முடித்துவிடுகின்றனர். விரல்களைக் காத்துக்கொள்ளும் அவர்கள், கண், காது, நுரையீரல் ஆகியவற்றை மறந்துவிடுகின்றனர். விரல் வெட்டுப்பட்டால் அக்கணமே தெரியும்; காதுக்கும் நுரையீரலுக்கும் நேரும் கேடோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். வலி இல்லாததால் தீங்கும் இல்லை என்று நாம் எண்ணலாகாது.

நுரையீரல்

கண்ணுக்குத் தெரியும் தூளில் பெரும்பகுதி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளே நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது. டைல்ஸ், கிரானைட், சிமென்ட் ஆகியவற்றின் தூளில் சிலிக்கா உண்டு. அதை நெடுங்காலம் சுவாசிப்போருக்கு வரும் சிலிக்கோசிஸ் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. மரத்தூளும் நீண்டகாலம் சுவாசிப்போருக்கு மூக்குப் பகுதியில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆஸ்துமா உள்ளவருக்கோ சிறிது நேரத் தூசியே மூச்சுத்திணறலைத் தூண்டிவிடலாம்.

தோளில் கிடக்கும் துண்டும் மெல்லிய முகக்கவசமும் போதா. முகத்தோடு படிந்து நிற்கும் என்95 கவசமே வேண்டும்; அடர்ந்த தாடி இருப்பின் அது சரியாகப் படியாது. வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்வோம். நீர் விட்டு வெட்டுவது தூசியைக் குறைக்கும். ஆனால் அதற்கென அமைந்த இயந்திரத்தில் மட்டுமே அவ்வாறு செய்யலாம், இல்லையேல் மின்சாரம் தாக்கும். முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. வீட்டில் நோயாளி இருப்பின், உடை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே அவரருகில் செல்வோம்.

கண்

வழக்கமான மூக்குக்கண்ணாடி பக்கங்களை மறைப்பதில்லை. பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி தேவை. பலகையைப் பிடித்துக்கொள்பவருக்கும் அது வேண்டும். கண்ணில் தூசி விழுந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவ வேண்டும். தாய்ப்பாலோ எண்ணெயோ ஊற்றுதலும், துணித்திரியால் தூசி எடுத்தலும் கூடா. சில்லு தைத்திருந்தால் பிடுங்காமலும் அழுத்தாமலும் கழுவாமலும், காகிதக் குவளையொன்றைக் கண்மீது படாதவாறு கவிழ்த்துக் கட்டி, உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

காது

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது பொதுவான வரையறை. ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் அந்த நேரம் பாதியாகும். மின்ரம்பத்தின் ஒலி 100 டெசிபலை எட்டக்கூடும். அதற்கு 15 நிமிடமே எல்லை. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதில் பஞ்சு வைப்பதால் பெரும்பயன் இல்லை. நுரை அடைப்பானை விரல்களால் உருட்டி, மறுகையால் காதுமடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். வேலைக்குப்பின் காதில் இரைச்சல் கேட்டால் அது எச்சரிக்கை. நீடித்தால் செவிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

ஐந்தே நிமிட வேலையாயினும், இம்மூன்றையும் அணிந்த பின்னரே விசையை அழுத்துவோம். ரம்பம் நின்றபின்னும் தூசி காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ஆதலால் முகக்கவசத்தை, துப்புரவு முடித்து அவ்விடம் விட்டு அகன்றபின் இறுதியாகக் கழற்றுவோம்.