இரண்டு நிமிஷ டிபனும் இரத்தக் கொதிப்பும்

குடும்ப நலப் பாடம்: கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க



வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் வாழும் நமக்கு உப்பின் குணத்தை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்கிறார்கள்? உப்புப் போட்டு அடுக்குகிறார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் உப்புச் செலவாகிறது. உப்பு ஏறியதும் தோலிலிருந்து நீர் தானாக வடிகிறது. உப்பு நீரை இழுக்கும். டேனரியில் வேலை பார்த்தவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள்.

நம் உடம்புக்குள்ளும் உப்பு இதே வேலையைத்தான் செய்கிறது. சாப்பாட்டில் உப்பு மிகுந்தால் அது இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கிறது. குழாய்க்குள் ஓடும் இரத்தத்தின் அளவு கூடி, குழாய்ச் சுவரின் மேல் அழுத்தம் ஏறுகிறது. இரத்தக் கொதிப்பு, அதாவது 'பிரஷர்' வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரஷர் வலி காட்டாது, காய்ச்சல் காட்டாது. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வெளிப்படும். அன்று சம்பாதிக்கிற கை படுத்துவிடும். மொத்தக் குடும்பமும் படுத்துவிடும்.

2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது.

எவ்வளவு உப்பு போதும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு சிறு டீஸ்பூன். குழம்பு, பொரியல், ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் எல்லாம் இதற்குள் அடக்கம்.

பொட்டலத்துக்குள் இருப்பது

நூடுல்ஸ் ஜப்பானில் 1958-இல் உடனடி உணவாக விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுக் கடைகளில் 1980-களில் நுழைந்தது. இன்று கிராமத்துப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. காலை வண்டி பிடித்து ஷூ கம்பெனிக்குப் போக வேண்டிய தாய்க்கு அது கைகொடுப்பது உண்மைதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று அறிந்து வாங்க வேண்டும்.

2015 ஜூனில் ஈயம் கலந்திருப்பதாக எழுந்த புகாரால் மேகி நூடுல்ஸ் விற்பனை நாடெங்கும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு பரிசோதனைக்குப் பிறகு நவம்பரில் அது கடைக்குத் திரும்பியது. அன்று எல்லார் வாயிலும் ஈயம், அஜினமோட்டோ என்ற பேச்சுத்தான். உப்பைப் பற்றிய பேச்சு அவ்வளவாக எழவில்லை. எந்தக் கம்பெனி நூடுல்ஸ் ஆனாலும் உப்பு அதில் தாராளமாகவே இருக்கிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில்

மனைவி: நர்ஸம்மா, பசங்க தெனமும் நூடுல்ஸ்தான் கேக்குறாங்க. நான் ஒரு சிட்டிகை உப்புகூட மேல போடறதில்ல.

செவிலியர்: நீங்க போடலைம்மா, கம்பெனிக்காரனே போட்டுட்டான். பொட்டலத்தோட பின்பக்கம் பாருங்க. 'சோடியம்'னு ஒரு வரி இருக்கும்.

கணவர்: இருக்குதும்மா. ஆனா உப்புன்னு போடலையே?

செவிலியர்: உப்புல இருக்கிற சரக்குதாங்க சோடியம். அந்த எண்ணை இரண்டரையால பெருக்குங்க, உப்புக் கணக்கு வந்துடும்.

கணவர்: 800 மில்லிகிராம்னு இருந்தா... 2,000. அப்போ 2 கிராம் உப்பு!

செவிலியர்: அதேதான். பெரிய ஆளுக்கே நாள் முழுக்க 5 கிராம்தான் கணக்கு. சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. ஒரே வேளையில 2 கிராம் உள்ள போனா மிச்சச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கு?

மனைவி: ஏங்க, ராத்திரி நீங்க ரெண்டு பாக்கெட் போடச் சொல்றீங்களே!

செவிலியர்: இன்னொண்ணும் கவனிங்க. சில பொட்டலத்துல 100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருப்பான், சிலதுல ஒரு தடவை சாப்பிடற அளவுக்குப் போட்டிருப்பான். எதுக்குன்னு பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க.

இது தவிர, பெரும்பாலான நூடுல்ஸ் மைதாவில் செய்து எண்ணெயில் பொரித்துக் காய வைத்தது. நார்ச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறைந்தது போல இருக்கும், சத்து சேராது.

அதே நேரத்தில் வேறு என்ன செய்யலாம்?

• அவலை நனைத்துத் தாளித்து, வேர்க்கடலை சேர்த்தால் பத்து நிமிஷத்தில் டிபன் தயார்.
• கேழ்வரகு சேமியாவில் காரட், பீன்ஸ் போட்டு உப்புமா கிளறலாம்.
• இரவில் ஊற வைத்த கடலையை காலையில் சுண்டல் செய்யலாம்.
• அவித்த முட்டை, வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை ஆகியவை பள்ளிப் பையில் போட்டு அனுப்ப ஏற்றவை.

எப்போதாவது நூடுல்ஸ்தான் செய்தாக வேண்டுமென்றால் மசாலாப் பொட்டலத்தில் பாதி மட்டும் போடுங்கள். உப்பில் பெரும் பகுதி அதில்தான் இருக்கிறது. ஒரு பொட்டலத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்து, காய்கறியும் முட்டையும் சேர்த்து நிறைவு செய்யுங்கள். குழம்பு, ஊறுகாய் அதோடு வேண்டாம்.

சில சந்தேகங்கள்

'டேனரியில் வேர்த்துக் கொட்டுகிறதே, உப்பு அதிகம் வேண்டாமா?' வேர்வைக்கு முதலில் வேண்டியது தண்ணீர். சாதாரண வேலைக்குத் தேவையான உப்பு அன்றாடச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

'இந்துப்பு நல்லதாமே?' அதுவும் பெரும்பாலும் அதே உப்புத்தான். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள், அளவைக் குறையுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

'போர் தண்ணீர் கரிக்கிறதே?' பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் டேனரிக் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறியது. இதுபற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. கரிக்கும் நீரைச் சமையலுக்கு எடுக்காமல், ஊராட்சி வழங்கும் குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு மட்டும் இந்தப் பாடம் பொருந்தாது. உப்பு சர்க்கரைக் கரைசலைத் தவறாமல் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் கை தாராளம் என்று பொருள்.
2. சாப்பிடும் இடத்தில் உப்புக் கிண்ணம் வைக்காதீர்கள்.
3. உப்பை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி ருசியைக் காப்பாற்றும்.
4. ஒரு வயது நிறையாத குழந்தையின் உணவில் உப்புச் சேர்க்க வேண்டாம்.
5. முப்பது வயது தாண்டிய கணவனும் மனைவியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. கர்ப்பிணிகள் ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்க வேண்டும்.
6. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் தாமாக நிறுத்தக் கூடாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

• உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?
• சோடியம் 1,000 மில்லிகிராம் என்றால் உப்பு எவ்வளவு? (விடை: 2.5 கிராம்)
• உங்கள் இருவரின் பிரஷர் அளவு என்ன? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள் இந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஒருவர் மட்டும் வராமல், இருவரும் சேர்ந்தே வாருங்கள்.

தோலுக்கு உப்பு காவல். உடலுக்கு அளவே காவல்!