பெயர் மாறிய சோலைப் பறவை

வகைப்பாட்டியல் என்றாலே விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு சலிப்பு உண்டு. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஒப்பித்துத் தேர்வு எழுதுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். "பெயர் எதுவாயிருந்தால் என்ன, பறவை பறவைதானே?" என்று கேட்பாரும் உளர். அக்கேள்விக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஒரு சிறு பறவையே விடை கூறுகிறது.

பறவையும் வாழிடமும்

நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உயரமான பகுதிகளில் புல்வெளிகளுக்கிடையே, பள்ளத்தாக்குகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் பசுங்காடுகளைச் சோலைகள் என்கிறோம். ஆங்கில நூல்களும் 'ஷோலா' என்று இச்சொல்லையே எடுத்தாள்கின்றன. இச்சோலைகளின் இருண்ட தரையில், ஓடையோரப் புதர்களிடையே சுமார் 15 செ.மீ. நீளமுள்ள இப்பறவை வாழ்கிறது. நீண்ட கால்களால் தத்திச் சென்று, உதிர்ந்த இலைகளிடையே பூச்சிகளைப் பொறுக்கி உண்ணும். மெல்லிய சீழ்க்கை போன்ற இனிய குரல் உடையது. மரப்பொந்திலோ கரைக்குழியிலோ பாசியால் கூடமைத்து இரண்டு முட்டைகள் இடும்.

நீலகிரியில் காணப்படும் பறவைக்கு முதுகும் மார்பும் கருநீலம். வயிற்றுப் பக்கங்கள் செம்பழுப்பு. பழனி, ஆனைமலைப் பறவைக்குச் செம்பழுப்பு இல்லை. பக்கங்கள் நீலச்சாம்பல், வயிற்றின் நடுப்பகுதி வெண்மை.

பெயர் மாறிய வரலாறு

நீலகிரிப் பறவையை 1840-களில் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர், சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன். பழனி மலைப் பறவையை 1860-களின் பிற்பகுதியில் பிளான்போர்டு தனிச் சிற்றினமாக விவரித்தார். பின்னர் சாலிம் அலியும் ரிப்ளியும் தம் கைந்நூலில் இரண்டையும் ஒரே சிற்றினத்தின் இரு துணையினங்களாக்கி, இமயமலைப் பறவைகள் சில இடம்பெற்ற 'பிராகிப்டெரிக்ஸ்' பேரினத்தில் வைத்தனர். 2005-இல் ராஸ்முசென், ஆண்டர்டன் ஆகியோரின் நூல் அவற்றை மீண்டும் இரு சிற்றினங்களாகப் பிரித்து, 'மையோமெலா' பேரினத்திற்கு மாற்றியது.

குடும்பமும் மாறியது. முன்னர் இத்தகைய பறவைகள் யாவும் பூங்குருவிகளின் குடும்பமான டர்டிடேயில் அடக்கப்பட்டிருந்தன. உடலமைப்பைவிட மரபணுவைச் சான்றாகக் கொள்ளும் முறை பரவிய பின், அவை ஈப்பிடிப்பான்களின் குடும்பமான மஸ்சிகாபிடேக்கு மாற்றப்பட்டன. நம் தோட்டத்துக் குண்டுக்கரிச்சானும் கருஞ்சிட்டும் இவ்வாறு குடும்பம் மாறியவையே.

மரபணு சொன்ன செய்தி

இத்தனை மாற்றங்களுக்குக் காரணம் என்ன? ஒரே வகை வாழ்க்கை, ஒரே வகை உருவத்தைத் தரவல்லது. இருண்ட காட்டின் தரையில் இரை தேடும் பறவைகளுக்கு, உறவு தூரமாயினும், நீண்ட காலும் குட்டைச் சிறகும் அமைந்துவிடும். உருவத்தை மட்டும் கண்டு உறவு சொல்பவர் இவ்விடத்தில் ஏமாறுவது இயல்பே.

வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் இம்மலைப் பறவைகளின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு ஆராய்ந்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். தரையில் தத்தும் நம் பறவை பிராகிப்டெரிக்சுக்கும் மையோமெலாவுக்கும் நெருங்கிய உறவன்று; மரக்கிளையிலிருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களுக்கே அது நெருக்கமானது என்று தெரியவந்தது. ஆகவே அதற்கெனப் புதிய பேரினம் ஒன்று வகுத்தனர். அதன் பெயர் 'ஷோலிகோலா'. சோலையில் வாழ்வது என்று பொருள். நம் தமிழ்ச்சொல் இலத்தீன் ஈற்றுடன் அறிவியல் பெயராகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள தாழ்நிலம். குளிர்ந்த சோலையை விட்டு வெளியேறாத பறவைக்கு அது கடல் போன்றது. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பறவை. தெற்கே வெள்ளை வயிற்றுப் பறவை. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியர் மலைப் பகுதியில் வாழ்வதை அவ்வாய்வாளர்கள் மூன்றாவது சிற்றினமாகப் பெயரிட்டனர். எனவே ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. இதனாலேயே இவற்றை 'வானத்தீவுகள்' என்கின்றனர்.

பெயரால் ஆவது என்ன?

இனி முதற் கேள்விக்கு வருவோம். இவை ஒரே சிற்றினத்தின் துணையினங்கள் என்றால், நீலகிரியில் அழிந்தாலும் பழனியில் இருக்கிறதே என்று நாம் ஆறுதல் அடையலாம். தனிச் சிற்றினங்கள் என்றால் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. நீலகிரிப் பக்கத்துச் சோலைகள் போனால் அப்பறவை உலகிலிருந்தே போய்விடும். பழனிப் பறவை அதற்கு ஈடாகாது. மூன்று மலைப்பகுதிகளிலும் சோலைகள் அழிந்தால் ஒரு பேரினமே மறையும். உலகில் வேறெங்கும் அதற்கு உறைவிடம் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தேயிலை, தைலமரம், சீகை ஆகியவற்றைப் பயிரிட்டதால் சோலையும் புல்வெளியும் பெரிதும் சுருங்கின. எஞ்சியவை துண்டு துண்டாய் நிற்கின்றன. எதை முதலில் காக்க வேண்டும் என்று முடிவு செய்வோர் சிற்றினங்களின் பட்டியலையே கையில் எடுக்கின்றனர். அப்பட்டியலில் இடம்பெறாத உயிர் கேட்பாரற்றுப் போகும்.

வகைப்பாட்டியல் வெறும் பெயர்ப் பட்டியலன்று; எது போனால் திரும்ப வராது என்று நமக்குச் சொல்லும் கணக்கு அது. நண்பர்களே, அடுத்த முறை உதகைக்கோ கொடைக்கானலுக்கோ கல்விச் சுற்றுலா செல்லும்போது, ஏரியில் படகு விடுவதோடு நின்றுவிடாமல் ஒரு சோலையின் ஓரத்தில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். புதருக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை கேட்டால், அது எந்த மலையின் பறவை என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பில் படித்த பாடம் அங்கே உயிரோடு நிற்கும்.