பார்வையின்றிப் பிறந்த குழந்தையும் பெற்றோர் கடமையும்

தமிழ்த் தாய் தன் குழந்தையைக் கொஞ்சும்போது 'கண்ணே' என்கிறாள், 'கண்மணியே' என்கிறாள். அருமையான பொருளுக்கெல்லாம் கண்ணையே உவமை கூறுவது நம் மொழியின் வழக்கு. அவ்வாறு அழைக்கப்படும் குழந்தைக்கே கண்ணொளி இல்லையெனில் அத்தாயின் நிலை என்னாகும்? மருத்துவம் அக்குழந்தைக்கு எதனைச் செய்ய வல்லது? எதனைச் செய்ய இயலாது? பெற்றோர் செய்ய வேண்டுவன யாவை? இவற்றை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன். நூல்களை மட்டும் படித்து இதனை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பமும், அதில் நான் செய்த பிழையும் என்னை எழுதத் தூண்டின.

நான் செய்த பிழை

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். என் பெரியம்மா மகளாகிய அக்கா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி இங்கு வந்தவர். அத்தான் அவருக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை மூன்று மாதமாகியும் தாயின் முகத்தை நோக்கவில்லை. விழிகள் ஓயாது அலைந்தன. கைமுட்டியால் கண்களை அழுத்திக் கொண்டே இருந்தது. "வளர வளரச் சரியாப் போகும்" என்றார் ஆச்சி.

நான்காம் மாதம் பெரிய மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றோம். அக்காவும் அத்தானும் அப்போது இந்தி அறியார். நானே இடையில் நின்று மொழிபெயர்த்தேன். மருத்துவர் பொறுமையுடன் இரண்டு செய்திகளைக் கூறினார். குழந்தையின் விழித்திரை பிறவியிலேயே செயலற்றிருக்கிறது, அதற்கு இப்போது சிகிச்சை இல்லை என்பது ஒன்று. பார்வையற்ற குழந்தைகளுக்குரிய பயிற்சியை உடனே தொடங்குங்கள் என்பது மற்றொன்று.

"டாக்டரு என்ன சொல்லுதாவ, தம்பி?" என்று அக்கா கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்ச நாள் ஆகும்னு சொல்றாங்க, அக்கா" என்றேன். முதற் செய்தியை மறைத்ததால் இரண்டாவதையும் மறைக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒரு சொல்லை நம்பி எட்டு மாதங்கள் கழிந்தன. நாட்டு மருந்து, நேர்ச்சை, வேறு இரண்டு மருத்துவமனைகள் என்று அலைந்தார்கள். அக்காவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. குழந்தையோ அசையாமல் பாயிலே கிடந்தது. ஓராண்டு நிறைந்தும் அது உட்காரவில்லை.

குணமாகக் கூடியவை

பிறவிக் குருடு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயன்று. அவற்றுள் சில குணமாகக் கூடியவை. பிறவிக் கண்புரை அவற்றுள் முதன்மையானது. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா அம்மை கண்டால் குழந்தைக்குப் புரை உண்டாகும் என்பதை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். அதைத் தடுக்கும் தடுப்பூசியை நாடு தழுவிய இயக்கமாக இந்திய அரசு 2017இல் தொடங்கியபோது, முதலில் எடுத்துக் கொண்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

குறைமாதத்தில் பிறந்து உயிர்வாயு கொடுத்துக் காப்பாற்றப்பட்ட குழந்தைகட்கு விழித்திரையில் தவறான இரத்தக் குழாய்கள் வளர்வதுண்டு. ஆகவே 34 வாரங்களுக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தையின் கண்களை 30 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ விதி. உரிய காலத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பார்வையைக் காக்கலாம். கண்மணி வெண்மையாகத் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது புரையாகவும் இருக்கலாம். உயிருக்கே ஊறு செய்யும் கண் புற்றாகவும் இருக்கலாம்.

காலத்தை இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? பார்ப்பது கண் மட்டுமன்று. மூளையும் பார்க்கக் கற்றுக் கொள்ள வேண்டும். ஹூபெல், வீசல் என்னும் அறிஞர்கள் பூனைக்குட்டியின் ஓர் இமையைச் சில மாதம் தைத்து வைத்துப் பின்னர்த் திறந்தனர். கண் பழுதின்றி இருந்தது; ஆயினும் அக்கண்ணால் குட்டி பார்க்கவில்லை. இவ்வாராய்ச்சிக்காக அவர்கள் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். பிறவிப் புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் அகற்றுவது நலம் என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே. காலம் கடந்தால் நம்பிக்கையே இல்லை என்பதன்று. பவன் சின்ஹா என்னும் அறிவியலாளர் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தின் வாயிலாகப் பல ஆண்டுகள் கழித்துப் புரை நீக்கப்பெற்ற சிறுவரும் ஓரளவு பார்வை பெற்றுள்ளனர்.

எங்கள் குழந்தையின் நோய் இவற்றுள் எதுவுமன்று. 1869இல் தியோடர் லெபர் விவரித்த பிறவி விழித்திரை நோய் அது. மறைந்திருக்கும் மரபணுக் குறை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேரும்போது இது தோன்றும். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் அவ்வாறு சேரும் வாய்ப்பு மிகுதி. இந்நோயின் ஒரு வகைக்கு அமெரிக்காவில் 2017இல் மரபணு மருந்து ஒப்புதல் பெற்றது. ஆயின் இந்நோயை உண்டாக்கும் மரபணுக்கள் இருபதுக்கு மேற்பட்டவை; அம்மருந்து அவற்றுள் ஒன்றுக்கே உரியது.

தாதருக்கு வந்த சிறுவன்

மாதுங்காவிலிருந்து நடந்தே செல்லக் கூடிய தாதரில், 1900இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி உண்டு. லாகூரில் 1934இல் பிறந்த வேத் மேத்தா என்னும் சிறுவன், நான்கு வயது நிறையுமுன் மூளைக் காய்ச்சலால் பார்வையிழந்தான். தந்தை மருத்துவர்; பார்வை மீளாது என்று அறிந்தவர். தாயோ மீளும் என்று நம்பி மருந்தும் மந்திரமும் தேடினார். ஐந்து வயது நிறையாத அம்மகனைத் தந்தை ஏறத்தாழ 1300 மைல் தொலைவிலிருந்த தாதர் பள்ளிக்கு இரயிலேற்றினார். அங்கே அவன் பிரெயில் எழுத்தைக் கற்றான். அடிக்கடி டைபாய்டு காய்ச்சலுக்கும் ஆளானான். பிற்காலத்தில் அவன் புகழ்பெற்ற எழுத்தாளனாகி, முப்பதாண்டுக்கு மேல் 'நியூயார்க்கர்' இதழில் பணியாற்றி, 2021இல் மறைந்தான்.

இவ்விருவருள் யார் செய்தது சரி? கல்வி காத்திருக்கலாகாது என்று கண்ட தந்தையின் அறிவு போற்றத்தக்கது. ஆயின் அதற்காகப் பச்சிளம் பாலகன் தாயைப் பிரிய நேர்ந்தது. இன்று அவ்விலை கொடுக்க வேண்டியதில்லை. முதற் பள்ளி தாயின் மடியிலேயே அமையலாம்.

கைகளே கண்கள்

பார்வையற்ற மழலைகளைப் பல ஆண்டுகள் உடனிருந்து ஆராய்ந்த செல்மா ஃபிரைபெர்க் என்னும் அம்மையார் 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். இக்குழந்தை தாயின் முகத்தை நோக்காததால், அதற்குத் தன்மேல் அன்பில்லையோ எனத் தாய் மனம் சோர்கிறாள். அவள் பார்க்க வேண்டியது குழந்தையின் முகத்தையன்று, அதன் கைகளை என்கிறார் அவர். தேடுவதும் விரும்புவதும் அக்கைகளிலே தெரியும்.

பார்வையுள்ள குழந்தை பொம்மையைக் கண்டு தவழ்ந்து செல்லும். பார்வையற்ற குழந்தையோ, ஓசை வரும் இடத்தில் ஒரு பொருள் உள்ளது என்று உணர்ந்து கை நீட்டுவதற்கே முதலாண்டின் இறுதி ஆகும். அதுவரை உலகத்தை அதன் கைக்கு நாமே கொண்டு வந்து கொடுக்க வேண்டும். தொடுமுன் பேச வேண்டும். பாத்திரம், தேங்காய் நார், ஈரத் துணி எதுவாயினும் கையில் கொடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். பாயிலே தனியே கிடத்தி வைப்பதுதான் பெருங்கேடு.

கிடைக்கும் துணை

பார்வையற்றோருக்கான தேசியச் சங்கம் 1952இல் இந்நகரில்தான் தோன்றியது. 2013இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை குறைபாடுகளைச் சோதித்து மேல்சிகிச்சைக்கு வழி செய்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அருகிலுள்ள பள்ளியோ தனிப் பள்ளியோ, தேர்ந்து கொள்ளலாம். ஆகவே இயலாமைச் சான்றிதழ் பெறுவதை மானக்கேடாகக் கருதலாகாது. நெல்லைச் சீமையினர்க்கு மற்றொன்றும் நினைவூட்டுவேன்: ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் 1890லேயே பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கிவிட்டார்.

முடிவுரை

குழந்தைக்கு ஓராண்டு நிறைந்த பின்னரே உண்மையை அக்காவிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, புள்ளைய இப்படிப் பாயில போட்டிருக்க மாட்டனே" என்றார். அழுகையைவிட அச்சொல் என்னைச் சுட்டது. மறுவாரமே பயிற்சி தொடங்கினோம். மருமகன் இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறான். என் காலடியோசை கேட்டால் "மாமா" என்று கை நீட்டுகிறான்.

நண்பர்களே! செம்பூரிலும் தாராவியிலும் நம்மில் பலர் குடும்பத்திற்கு மொழிபெயர்ப்பாளராக மருத்துவமனை சென்றிருப்போம். இரக்கத்தால் ஒரு சொல்லைக் குறைக்க நமக்கு உரிமையில்லை. சிகிச்சை உண்டா என்று கேட்பதும், குழந்தையை வளர்க்கும் வழியைக் கேட்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். முதற் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும், இரண்டாவதற்கு 'உண்டு' என்ற விடை காத்திருக்கிறது. அதனையும் சேர்த்துச் சொல்வதே நம் கடமை.