இரு சக்கரத்தில் மூன்று நாடுகள்: ஒரு வரவு செலவுத் திட்டம்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

வகுப்பில் நாம் படிக்கும் வரவு செலவுத் திட்டமெல்லாம் ஆலைக்கும் அரசுக்கும் உரியவை. அதை ஒரு 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுப் பார்த்த அனுபவத்தை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1973இல் லண்டனிலிருந்து ட்ரையம்ப் வண்டியில் புறப்பட்ட டெட் சைமன், நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைச் சுற்றி வந்தார். அதைப் படித்த நானும் என் நண்பனும், நாமும் தரைவழியே லண்டன் போனால் என்ன என்று துள்ளினோம். விசாரித்தபோதுதான் ‘கார்னே’ என்ற தாளைப் பற்றித் தெரிந்தது. வண்டிக்குரிய கடவுச்சீட்டு என்று அதைச் சொல்லலாம். வண்டியை அந்நிய நாட்டில் விற்றுவிட்டு வந்துவிட்டால் சுங்கவரிக்கு யார் பொறுப்பு? அதற்காக வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். எங்களிடம் இருந்ததோ ஆளுக்கு 25,000 ரூபாய். என் பங்கு, அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கார்னே வேண்டியதில்லை. இந்தியருக்கு விசாவும் வேண்டியதில்லை. லண்டன் அன்றே கைவிடப்பட்டது.

2023 கோடை விடுமுறைக்குத் திட்டம் போட்டோம். திருத்தணியிலிருந்து கொல்கத்தா, சிலிகுரி, பூட்டான், காத்மாண்டு, திரும்பி ஊர். மொத்தம் 6,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் எனக் கொண்டு 105 லிட்டர், ஏறத்தாழ 10,700 ரூபாய். கணக்கு முடிந்தது என்றே நினைத்தேன். வணிகவியல் மாணவன் செய்யக்கூடாத பிழை அது!

தூரத்தோடு மாறும் செலவு பெட்ரோல் ஒன்றுதான். சோறும் தங்கலும் நாளோடு மாறுபவை. இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 900 ரூபாய் என்றால், 30 நாளுக்கு 27,000. பூட்டானிலோ இந்தியர் ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும். ஐந்து இரவு தங்க ஆசைப்பட்டோம். கூட்டிப் பார்த்தால் 12,000. பயணம் முழுவதற்குமான பெட்ரோலைவிட அதிகம்! இரண்டு இரவாகக் குறைத்து 4,800 என்று எழுதினோம். வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் அதை ஜெய்காவ் எல்லையிலேயே விட்டுவிட்டுத் திம்புவுக்குப் பேருந்தில் போவதாக முடிவு. டயர், செயின், பழுது பார்ப்பு 3,500. ஆக 46,000. மிச்சம் 4,000 ரூபாயை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி, தனி உறையில் போட்டுப் பையின் உள்ளே தைத்துக்கொண்டோம்.

தாள்களிலும் ஒரு சிக்கல். வண்டி நண்பனின் தந்தை பெயரில் இருந்தது. அவரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கினோம். நம் காப்பீடு எல்லையைத் தாண்டினால் செல்லாது. நேபாளம், பூட்டான் போன்ற அண்டை நாடுகளுக்கு அதைக் கூடுதல் தொகை கட்டி நீட்டிக்கலாம்.

நேபாள எல்லையில் வண்டிக்கு ‘பன்சார்’ என்னும் சுங்கச்சீட்டு எடுக்க வேண்டும். அதற்கும் நாள் கணக்குத்தான். சிக்கனம் என்று எண்ணி, சரியாக எட்டு நாளுக்கு எடுத்தோம். நாணயத்தில் குழப்பமில்லை, நம் 100 ரூபாய் அவர்களுக்கு 160. குழப்பம் வேறு வழியில் வந்தது. திரும்பும்போது முக்லிங்–நாராயண்காட் சாலையில் மழையால் மண் சரிந்து, இரண்டு நாள் ஒரு தேநீர்க் கடைத் திண்ணையிலும் சிறு விடுதியிலுமாகக் கிடந்தோம். சீட்டின் கெடு தீர்ந்துவிட்டது. எல்லையில் அபராதம் கட்டினோம்.

கணக்கைப் பாருங்கள். இருவர் பாரமும் மலையேற்றமும் சேர்ந்து லிட்டருக்கு 50 கிலோமீட்டர்தான் கிடைத்தது. அதில் கூடுதல் 2,140 ரூபாய். அந்த இரண்டு நாளுக்கு 1,800. உறையில் நின்றது 60 ரூபாய். அபராதம் சாப்பாட்டுப் பணத்திலிருந்து போயிற்று. அதை ஈடுகட்ட, ஒடிசாவிலும் ஆந்திராவிலும் நான்கு இரவுகள் பெட்ரோல் பங்க் ஓரத்தில் படுத்தோம். நண்பன் இதைச் சாகசம் என்று இன்றும் சொல்லி வருகிறான். எனக்குக் கொசுக்கடிதான் நினைவிருக்கிறது.

வீட்டு வாசலில் இறங்கியபோது கையில் 140 ரூபாய். அம்மா கணக்குக் கேட்கவில்லை. நானாகவே நோட்டைக் காட்டினேன். அடுத்த முறைக்கு அதில் இரண்டு திருத்தங்கள் எழுதி வைத்திருக்கிறேன்: சுங்கச்சீட்டை மூன்று நாள் கூடுதலாக எடுப்பது, ஒதுக்குத் தொகையை ஏழு நாள் செலவாக, அதாவது 6,300 ரூபாயாக வைப்பது. போக நினைக்கும் நண்பர்கள் நோட்டை என்னிடம் வாங்கிப் பார்க்கலாம்.