பழைய கணினியைக் கைமாற்றும் முன்

ஒரு காலத்தில் எங்கள் ஊர்களில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு உடுப்பும் பாடப் புத்தகமும்தான் கைமாறின. இன்று அந்த வரிசையில் கணினியும் சேர்ந்துவிட்டது. இது நல்ல வழக்கம். புதிதாக ஒன்று வாங்க முடியாத வீட்டுக்குப் பழைய கணினி பெரும் உதவி. ஆனால் புத்தகத்தைக் கொடுக்கும்போது நமது பெயர் மட்டுமே அதனுடன் போகிறது. கணினியைக் கொடுக்கும்போது நமது வீடே அதனுடன் போய்விடலாம். அதை எப்படித் தடுப்பது என்பதை, தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை உயர்தரத்தில் ஒரு பாடமாகக் கற்பவள் என்ற வகையில் இங்கு விளக்க முயல்கிறேன்.

அழித்தால் அழிந்துவிடுமா?

ஒரு கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினால் எல்லாம் முடிந்தது எனப் பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவல்ல. நூலகத்தில் ஒரு புத்தகத்தின் அட்டவணை அட்டையைக் கிழித்து எறிந்தாலும் புத்தகம் தட்டிலேயே இருக்கும். அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்கப்படும்வரை தேடுபவருக்கு அது கிடைக்கும். வன்தட்டிலும் இதுவே நடக்கிறது. பணிசெயல் முறைமை கோப்பின் பதிவை நீக்கி, "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்கிறது. தரவு அப்படியே கிடக்கிறது. விரைவாக வடிவமைத்தல், அதாவது 'குவிக் ஃபோர்மட்', புதிய அட்டவணையை எழுதுவதுடன் நின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் மூலமே அத்தகைய தரவை மீட்டெடுக்கலாம்.

158 வன்தட்டுகள் தந்த பாடம்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவரும் 2000 முதல் 2002 வரை 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். அவற்றுள் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. பத்தில் ஒன்றுகூட இல்லை! ஏனையவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்கள், மருத்துவ விபரங்கள், தனிப்பட்ட மின்னஞ்சல்கள் ஆகியன இருந்தன. ஒரு வன்தட்டு வங்கியின் தன்னியக்கப் பணம் வழங்கும் இயந்திரத்தில் இருந்ததாகும். இவ்வாய்வு 2003இல் வெளியானது.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. அது தனிப்பட்ட தரவைக் கையாளும் தரப்பினருக்கான கடமைகளை வரையறுக்கிறது. வீட்டுத் தேவைக்கான தரவு அதில் அடங்காது. ஆகவே வீட்டுக் கணினிக்கு நாமே காவல்.

முதலில் காப்பாற்று, பிறகு துடை

துடைத்தபின் வருந்திப் பயனில்லை. எங்கள் வீட்டுக் கணினியைச் சாச்சியின் மகளுக்குக் கொடுப்பதென வாப்பா தீர்மானித்தபோது, அதில் என்ன இருக்கிறது என்று நானும் உம்மாவும் பட்டியலிட்டோம். நானாவின் கடவுச்சீட்டுப் பிரதி, காணி உறுதியின் படம், வங்கிப் புத்தகத்தின் படம், வீட்டுப் பெண்களின் கல்யாணப் படங்கள், வபாத்தான உம்மம்மாவின் குரல் பதிவான ஒரேயொரு காணொளி ஆகியன இருந்தன. ஒரே பெட்டியில், வெளியே போகவே கூடாதவையும் ஒருபோதும் இழக்கக் கூடாதவையும் கலந்திருந்தன.

எனவே இரண்டு வெவ்வேறு சாதனங்களில் பிரதி எடுத்தோம். ஒவ்வொரு பிரதியையும் திறந்து பார்த்தோம். உம்மம்மாவின் காணொளியை உம்மா இறுதிவரை கேட்டு முடித்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினோம். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

துடைக்கும் முறை

1. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள் அனைத்திலிருந்தும் வெளியேறுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குங்கள்.

2. இறுவட்டுத் தட்டையும் நினைவக அட்டைத் துளையையும் திறந்து பாருங்கள். மறந்துபோன இறுவட்டு உள்ளே இருக்கக்கூடும்.

3. விண்டோஸ் 10, 11இல் 'ரீசெட் திஸ் பீசி' என்பதற்குச் சென்று 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பின்பு அமைப்புகளை மாற்றும் இடத்தில் 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்குங்கள். 'டி' பிரிவில் படங்கள் இருந்தால் எல்லாப் பிரிவுகளையும் தெரிவுசெய்யுங்கள்.

4. அவசரப்படாதீர்கள். துடைத்தல் என்பது தட்டு முழுவதும் புதிதாக எழுதுவதாகும். 500 கிகாபைற்று வன்தட்டில் செக்கனுக்கு 80 மெகாபைற்று வீதம் எழுதினால் 6,250 செக்கன்கள், அதாவது ஏறத்தாழ 1 மணித்தியாலம் 44 நிமிடங்கள் எடுக்கும். மடிக்கணினியை மின்னிணைப்பிலேயே வைத்திருங்கள்.

35 தடவை மேலெழுத வேண்டும் என்று சிலர் கூறுவர். அது 1996இல் பீற்றர் குட்மன் என்பவர் அக்கால வன்தட்டுகளுக்காகக் கூறியது. இன்றைய காந்த வன்தட்டுக்கு ஒரு தடவை முழுமையாக மேலெழுதுவதே போதும். திண்மநிலைத் தட்டு எனப்படும் எஸ்எஸ்டி வேறு வகை. அது தரவை எங்கே எழுதுவதென்று தானே தீர்மானிப்பதால், மேலெழுதினாலும் சில இடங்கள் தப்பிவிடலாம். உற்பத்தியாளர் தரும் 'செக்கியூர் இரேஸ்' வசதியே அதற்குப் பொருத்தமானது.

பழுதாகி இயங்காத தட்டைத் துடைக்க முடியாது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மிகுதியைக் கொடுங்கள். கழற்றியதைக் கிணற்றடியில் எறியாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். தட்டைச் சேதப்படுத்திய பின் ஒப்படைப்பது மேலும் பாதுகாப்பானது.

மீண்டும் உயிரூட்டல்

வெறுமையான கணினியைக் கொடுப்பது சட்டியைக் கொடுத்துவிட்டு அரிசியைக் கொடுக்காதது போன்றது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் வகைகளுள் லுபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை இலவசமாக நிறுவலாம். ஒரு பென் டிரைவ் போதும்.

முந்தல் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மின்னிணைப்பை அகற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் உள்ளே தூசி தட்டுங்கள். மேசைக்கணினியில் திகதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ற்றுச் சிறு மின்கலத்தை மாற்றுங்கள். தமிழ் யுனிகோட் விசைப்பலகை, லிப்ரே ஒஃபிஸ், கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். சாச்சியின் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருப்பதால் கணித வினாத்தாள்களைத் தனிக் கோப்புறையில் இட்டுக் கொடுத்தேன்.

பெற்றோரே, கடையில் விற்பதானாலும் உறவினருக்குக் கொடுப்பதானாலும் இம்முறை ஒன்றுதான். இது உறவினரைச் சந்தேகிப்பதாகாது. அவர்களிடமிருந்து அக்கணினி வேறு எவருடைய கைக்கும் போகலாம். சகோதரிகளே, ஒரு கணினியில் இருப்பது நமது படம் மட்டுமல்ல. நமது தோழியர், உறவினர் நம்பி அனுப்பிய படங்களும் அதில் உள்ளன. அவை நம்மிடம் உள்ள அமானிதம். கணினியைக் கொடுப்போம், அமானிதத்தைக் காப்போம்.