நினைவும் நினைப்பவனும்

பழைய நண்பர்கள் கூடும்போது, 'அந்த நாட்கள் இனி வருமா?' என்று ஏங்குவதுண்டு. நாட்கள் போய்விட்டன, ஆயினும் அவற்றை 'என் நாட்கள்' என்று சொல்பவன் போகவில்லை. அவன் யார் என்பதே வேதாந்த விசாரம்.

1991-ஆம் ஆண்டு மே மாதம், ஜாம்ஷெட்பூரை அடுத்த தல்மா மலையடிவாரத்தில் சிறுவர்களுக்கான கோடைக்காலப் பண்புப் பயிற்சி முகாம் ஒன்று நடைபெற்றது. அப்பகுதி அன்று பீகாரில் இருந்தது. 2000 நவம்பரில்தான் ஜார்க்கண்ட் மாநிலம் உருவாயிற்று. எஃகு ஆலையில் பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் சில சிறுவர்கள் அதில் கலந்துகொண்டோம். சென்ற ஆண்டு எங்களுள் எட்டுப் பேர் மீண்டும் சந்தித்தோம்.

அதிகாலைப் பிரார்த்தனை, சால மரநிழலில் நடந்த கதை வகுப்பு, வெயிலுக்கு இதமாக வறுகடலை மாவைக் கரைத்துத் தந்த பானம் என்று பேச்சு வளர்ந்தது. மாலை பஜனை ஆலமரத்தடியில் நடந்தது என்றார் ஒருவர். மாமரத்தடியில் என்றார் மற்றொருவர். கடைசிவரை முடிவு எட்டப்படவில்லை. ஆனால், 'அங்கே பாடியது நான்தானா, என்னைப் போன்ற வேறொருவனா?' என்ற ஐயம் ஒருவருக்கும் எழவில்லை.

பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் (2.2.25) ஸ்ரீ சங்கரர் இந்த அனுபவத்தையே சான்றாகக் காட்டுகிறார். யாவும் கணந்தோறும் அழிந்து புதிதாகின்றன என்ற கொள்கையை அங்கு அவர் மறுக்கிறார். வெளிப்பொருளைக் குறித்து, 'இது அதுவேதானா, அதைப் போன்றதா?' என்ற ஐயம் எழலாம். அறிபவனைக் குறித்து அத்தகைய ஐயம் எழுவதே இல்லை என்பது அவர் வாதம். அன்று கண்டவனும் இன்று நினைவுகூர்பவனும் ஒருவனே அல்லாவிடில் நினைவு என்பதே நிகழாது.

இதை எண்ணி மகிழ்ந்திருந்த வேளையில் நண்பர் ஒருவர் சிரித்தபடி, "நான்தான் டார்ச் திருடன் ஆயிற்றே!" என்றார். முகாமில் ஆசிரியரின் டார்ச் விளக்கு காணாமற்போனபோது சந்தேகம் அவர்மீது விழுந்தது. அன்று மாலை அவர் பஜனையில் சேராமல் தனியே அமர வைக்கப்பட்டார். உண்மையில் அதை இரவில் எடுத்துச் சென்று கிணற்றில் தவறவிட்டவன் நான். அஞ்சி மௌனமாக இருந்துவிட்டேன்.

இப்போதும் மனம் வாதங்களை அடுக்கியது. 'அது பதினோரு வயதுச் சிறுவனின் செயல். அந்த உடல் இன்றில்லை; அந்த மனமும் இல்லை. மேலும், ஆத்மா கர்த்தா அல்லவே!' தத்துவம் பயின்றவனுக்கு ஒளிந்துகொள்ள இடங்கள் அதிகம். இனிய நினைவுகளுக்கு 'நான்' என்று உரிமை கொண்டாடிய மனம், கசப்பான நினைவு வந்ததும் 'அவன்' என்று விலகப் பார்த்தது. ஆத்மா கர்த்தா அன்று என்பது உண்மையே. அது அகங்காரம் கரையும்போது விளங்கும் உண்மை. புகழுக்குக் கர்த்தாவாகவும் பழிக்குச் சாட்சியாகவும் இருப்பது வேதாந்தமன்று.

அனைவர் முன்னிலையிலும் உண்மையைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எல்லோரும் கேட்டுக் கேட்டு, நானே எடுத்து எங்கோ வைத்து மறந்துவிட்டேனோ என்று பல ஆண்டுகள் குழம்பியிருக்கிறேன், சுவாமிஜி."

அவர் பட்டது ஒருநாள் அவமானம் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். என் மௌனம் அவருடைய நினைவையே கலக்கியிருந்தது.

பதஞ்சலி முனிவர் நினைவைச் சித்த விருத்திகள் ஐந்தனுள் ஒன்றாகக் கூறுகிறார். அனுபவித்த விஷயம் நழுவிவிடாதிருப்பதே ஸ்மிருதி என்கிறார். விருத்திகள் கிலேசம் உடையன, அஃதற்றன என இருவகைப்படும் என்பதும் அவர் வாக்கு. ஆகவே, கடந்ததை நினைப்பது குற்றமன்று. இனிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நழுவவிடும்போது அந்த நினைவில் கிலேசம் கலக்கிறது.

கீதையின் இறுதியில் (18.73) அர்ஜுனன், மயக்கம் நீங்கி நினைவு பெற்றதாகக் கூறுகிறான், உடனே, பகவானின் சொற்படி செய்வதாகவும் உறுதியளிக்கிறான். நினைவு தெளிந்ததற்கு அடையாளம் செயல்.

இளமைக்கால நினைவு எழும்போது சாதகன் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: 'இந்த நினைவில் என் ஒரு சொல்லுக்காக எவரேனும் காத்திருக்கிறாரா?' அப்படி ஒருவர் இருந்தால் அச்சொல்லைச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் தியானத்தில் அமர்ந்து, 'நினைப்பவன் யார்?' என்று விசாரிக்கலாம். கடனைத் தீர்த்த மனத்திற்கே அந்த விசாரம் கைகூடும்.